தடிமன் குளிசையும் தூங்கி விழும் பிள்ளையும்

நம் வீடுகளில் பனடோலுக்கு அடுத்தபடியாக அலுமாரித் தட்டில் கிடப்பது பிரிட்டோன் குளிசைதான். தடிமனா, தும்மலா, உடம்பில் அரிப்பா, எதற்கும் அதுவே. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சுகமில்லை என்றாலும் மதிலுக்கு மேலால் இரண்டு குளிசை கை மாறும்.

சில வருடங்களுக்கு முன், ஸுபஹுக்குப் பின்னரான பாடத்தில் ஒரு மாணவன் கிதாபின் மீதே தலை சாய்ந்து உறங்கினான். இரண்டு முறை எழுப்பினேன். மூன்றாம் முறை கோபம் வந்து, பாடம் முடியும்வரை நிற்க வைத்துவிட்டேன். நின்றபடியும் தள்ளாடினான். பிறகு விசாரித்தபோதுதான், உம்மா கொடுத்தனுப்பிய தடிமன் குளிசையை இரவில் இரண்டும் விடியற்காலையில் ஒன்றுமாகப் போட்டிருந்தது தெரிந்தது. அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்த மருந்தைப் பற்றி அன்று எனக்கும் ஒன்றும் தெரியாது. பின்னர் கேட்டும் வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இதன் உண்மைப் பெயர் குளோர்பெனிரமைன் மலியேட். 1940களின் இறுதியில் பாவனைக்கு வந்தது. பெனிரமைன் என்னும் பொருளோடு ஒரே ஒரு குளோரின் அணுவைச் சேர்த்ததால் அதன் வலிமை பல மடங்காகியது. வெண்ணிறத் தூள், நீரில் இலகுவாகக் கரையும், கசக்கும். சிறுவர்களுக்கான பாணி மருந்தில் இனிப்புச் சேர்ப்பது அந்தக் கசப்பை மறைக்கத்தான். அந்த இனிப்பே பிள்ளைகளைப் போத்தலைத் தேட வைக்கிறது என்பதையும் தாய்மார் நினைவில் வைக்க வேண்டும்.

நம் உடலில் ஹிஸ்டமின் என்றொரு பொருளை அல்லாஹ் வைத்திருக்கிறான். தூசியோ, பூந்தாதோ, ஒவ்வாத உணவோ சேர்ந்தால் அது வெளிப்பட்டு, உயிரணுக்களிலுள்ள அதற்குரிய இடங்களில் போய்ப் பொருந்தும். உடனே மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், தோல் தடிக்கும். மருந்து அந்த இடங்களை முந்திப் பிடித்துக்கொள்கிறது. பூட்டுக்குள் வேறொரு சாவி மாட்டிக்கொண்டால் சரியான சாவி நுழையாததைப் போல. இவ்வகை மருந்துகளுக்கு 1937இல் வழி திறந்த டானியல் பொவே 1957இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் மூளையில் நம்மை விழித்திருக்கச் செய்வதும் இதே ஹிஸ்டமின்தான். பிரிட்டோன் மூளைக்குள்ளும் புகுந்து அங்கும் அதைத் தடுப்பதால் உறக்கம் வருகிறது. வளர்ந்தவரின் இரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணித்தியாலம் செல்லும். இரவு போட்டது காலையோடு முடிந்தது என்று எண்ணி மோட்டார் சைக்கிளை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு 4 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு ஒன்றுதான். அடுத்ததற்கு 4 முதல் 6 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். என் மாணவன் இரவிலேயே இரட்டை அளவு போட்டிருந்தான்.

இன்னொன்று: சாதாரண தடிமனை இது சுகப்படுத்துவதில்லை. தடிமன் வைரஸால் வருவது. அது தானாகவே மாறும். பிரித்தானியாவில் 2009 முதல், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இது கலந்த இருமல், தடிமன் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டுள்ளது. நம்மிலோ தூரப் பயணத்தில் பிள்ளை அழாதிருக்கவும், கலியாண வீட்டில் உம்மாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கவும் ஒரு கரண்டி பருக்குபவர்கள் உண்டு. இது பெருந்தவறு. சில பிள்ளைகள் உறங்காமல் மாறாக வெறிபிடித்தாற்போல் துடிப்பார்கள். அளவு கூடினால் வலிப்பும் வரலாம். சமையலறைக் கரண்டியால் அளப்பது அதைவிட ஆபத்து. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்பது நம் ஃபிக்ஹுச் சட்டம். மதிலுக்கு மேலால் குளிசை கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கண் அழுத்த நோயுள்ளவர்களும், சிறுநீர் சிரமப்பட்டுப் போகும் முதியவர்களும், பாலூட்டும் தாய்மாரும் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். நோன்பு காலத்தில் இடையிடையே குளிசை போட முடியாதல்லவா? நாளுக்கு ஒருமுறை போதுமான லொரட்டடின், செட்டிரிஸின் போன்றவை உள்ளன, உறக்கமும் குறைவு. ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டுவையுங்கள்.

குளவி கொட்டியோ உணவு ஒவ்வாமலோ நாக்கு வீங்கி மூச்சுத் திணறினால் பிரிட்டோனைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அங்கே உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மீன் சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து தலை இடிப்பதைப் பலர் 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்பார்கள். சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் அதிலேயே ஹிஸ்டமின் உண்டாகிவிடும். எவ்வளவு ஆக்கினாலும் அது அழியாது. காசநோய்க்கு ஐசோனியசிட் உட்கொள்பவர்களிடம் இது கடுமையாக ஏற்படுவதை, நம் நாட்டு நெஞ்சு நோய் வைத்தியர் சீ. ஜீ. உரகொட 1970களில் எடுத்துக்காட்டினார். ஹிஸ்டமினை அழிக்கும் உடலின் சக்தியை அம்மருந்து குறைத்துவிடுகிறது. வீட்டில் அந்த மருந்து எடுப்பவர் இருந்தால், சிகிச்சை முடியும்வரை அவருடைய பீங்கானில் சூரை மீனை வைக்காதீர்கள்.