சிறை மீண்ட பிள்ளை

"சிறைக்குப் போய் வந்தவன் திருந்துவானா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அயலாரைப் பற்றிக் கேட்பதில்லை. தம்பியைப் பற்றியோ, மைத்துனனைப் பற்றியோ, பெற்ற பிள்ளையைப் பற்றியோதான் கேட்கிறார்கள். பறிபோனது தாயின் கழுத்துச் சங்கிலியாகவே இருந்திருக்கலாம். ஆகவே இக்கேள்வியை இகழ்ந்து தள்ளுவதற்கில்லை.

ஆனால் ஒருவன் சிறையில் ஒழுங்காக இருந்தான் என்பது அவன் திருந்தியதற்கு அத்தாட்சியாகாதென்பது நமது அபிப்பிராயம். எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணியோசைப்படி நடக்கும் இடத்தில் மனிதனுடைய குணத்தைச் சோதிப்பது எங்ஙனம்? கதவு திறந்த பிறகே சோதனை ஆரம்பமாகிறது. அதை நடத்துகிறவர்கள் ஜெயில் அதிகாரிகளல்லர், வீட்டாரும் ஊராருமே.

செங்கற்பட்டுவாசிகளுக்கு இவ்விஷயம் புதிதன்று. 1887-ல் அங்கே சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. சிறுவரைப் பழைய கைதிகளோடு அடைத்தால் அவர்கள் கற்பது பழைய கைதிகளின் தொழிலைத்தான் என்பதை அந்நிய சர்க்காரே அன்று உணர்ந்திருந்தனர். 1920-ல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சிறுவர் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. அப்பள்ளி பல பெயர்கள் மாறி, இன்று அரசினர் சிறப்பு இல்லமாக இருந்து வருகிறது. 2015-ம் வருஷத்துச் சட்டமோ, சிறுவயதுக் குற்றம் பிற்காலத்தில் எந்தத் தகுதிக் குறைவையும் உண்டாக்கலாகாது என்று விதிக்கிறது. வயது வந்தோரைப் போல் விசாரிக்கப்பட்ட கொடுங்குற்றங்கள் மட்டுமே இதற்கு விலக்கு.

சட்டம் மறந்தாலும் தெரு மறப்பதில்லை. அடித்தால்தான் திருந்துவான் என்ற பழைய நம்பிக்கையும் நம்மை விட்டுப் போகவில்லை. அதே இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு இல்லத்து ஊழியர் சிலர் கைதாயினர். இத்தகைய இல்லங்களைப் பற்றி ஆராய 2023-ல் நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழுவும் நியமிக்கப்பட்டது. இல்லத்துக்குப் போனவன் ஏன் திருந்தவில்லை என்று கேட்குமுன், அவனுக்கு அங்கே என்ன நேர்ந்ததென்று கேட்பது முறை.

சிறை மீண்டவர்களுக்கு மாலையிட்ட நாடு இது. எனினும் அந்த மாலை எல்லாருக்கும் கிட்டியதா? 1908-ல் தண்டனை பெற்று 1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு வக்கீல் சன்னது பறிபோயிற்று. வறுமை பல வருஷம் அவரை வாட்டியது. வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். பிள்ளையவர்கள் அந்த நன்றியால் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அப்பழுக்கற்ற தேசபக்தருக்கே தொழிலைத் திருப்பிக் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்ததென்றால், திருட்டுக் கேஸில் போன ஏழைப் பையனின் கதி என்ன?

பெட்டிச் சாவியை முதல் நாளே அவன் கையில் கொடுத்துவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தவறுவோரும் உண்டு. சங்கிலியை இழந்த தாய் மறுபடியும் இழக்க வேண்டுமென்று யாரும் தர்மம் பேச வேண்டாம். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மாமல்லபுரம் சென்றால் சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்கிறது. அங்கே புதிய கையிடம் சிலையின் முகத்தை யாரும் விடுவதில்லை. கல்லை உருப்படுத்தவும் மெருகேற்றவும் விட்டுப் பார்க்கிறார்கள். குப்பங்களில் கரைவலை இழுக்கப் பல கைகள் வேண்டும். எல்லார் கண்ணெதிரிலும் மீன் பங்காகிறது. வீட்டிலும் இப்படிச் சிறுகச் சிறுகத்தான் நம்பிக்கை வைக்க முடியும். ஆனால் வைத்தாக வேண்டும். ஏதேனும் காணாமற் போன மாத்திரத்தில் எல்லார் கண்ணும் அவன் மீது பாய்கிற வீட்டில் எவன்தான் தரிப்பான்?

இல்லத்தில் பதினெட்டு வயது நிரம்பி வெளியேறுவோருக்குப் பொருளுதவி செய்யவும் மேற்சொன்ன சட்டம் இடந்தருகிறது. செங்கற்பட்டு ஜில்லாவின் ஊழியர்கள் கூட்டம் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். மாமல்லபுரத்துப் பட்டறைக்காரர்களைக் கண்டு, எத்தனை பேருக்கு வேலை கொடுப்பார்கள் என்று எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தை இல்லத்து அதிகாரிகளிடம் சேர்ப்பிக்கட்டும்.