வீட்டுத் திரையரங்கில் நிகழ்பட மூலங்களை இணைத்தல்

வீட்டுத் திரையரங்கில் நிகழ்பட மூலங்களை இணைத்தல் என்பது செட்டாப் பாக்ஸ், டிவிடி பிளேயர், கணினி, விளையாட்டுக் கருவி போன்றவற்றிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் தொலைக்காட்சிக்கோ புரொஜெக்டருக்கோ கொண்டு சேர்ப்பதாகும். படத்தை அனுப்பும் கருவி நிகழ்பட மூலம் எனப்படும். மூலம், கம்பி, திரை ஆகிய மூன்றும் ஒரு சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. இவற்றுள் எது தரத்தில் தாழ்ந்ததோ அதன் அளவுக்கே படம் தெரியும். எனவே படம் மங்கலாக இருந்தால், புதிய திரை வாங்குவதற்கு முன் மற்ற இரண்டையும் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டில் பின்னணி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அக்காலத்தில் மொட்டைமாடி ஆண்டெனாவிலிருந்து வரும் ஒரே கம்பிதான் இணைப்பு. 1982-இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. பின்னர் விசிஆர் கருவிகளும் கேபிள் தொலைக்காட்சியும் பரவின. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்குச் செட்டாப் பாக்ஸ் தேவைப்படும் முறை நடைமுறைக்கு வந்தது. 2004-இல் தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிடிஎச் சேவையும், 2007-இல் சன் டைரக்ட் சேவையும் தொடங்கின. 2006 முதல் தமிழக அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளை இலவசமாக வழங்கியது. 2011-இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின்படி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறுவது கட்டாயமானது.

இவ்வாறு தொலைக்காட்சியோடு ஒரு பெட்டியும் வீட்டுக்குள் வந்தது. இரண்டையும் இணைத்தது மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிற முனைகள் கொண்ட ஏவி கம்பி. படக்குழாய்த் தொலைக்காட்சி போய்த் தட்டைத் திரை வந்த பிறகும், பல வீடுகளில் அந்தப் பழைய கம்பியே தொடர்கிறது.

இணைப்பு வகைகள்

ஆண்டெனா இணைப்பு: படமும் ஒலியும் ஒரே கோஆக்சியல் கம்பியில் வரும். தரம் குறைவு.

ஏவி இணைப்பு: மஞ்சள் முனை படத்தையும், சிவப்பும் வெள்ளையும் வல, இட ஒலிகளையும் கொண்டு செல்லும். ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து செல்வதால் எழுத்துகளின் விளிம்பில் நிறம் கசியும். இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் முறையில் மொத்தம் 625 வரிகள். படம் தெரிவது 576 வரிகளில். இதற்கு மேற்பட்ட தெளிவை இக்கம்பியில் பெற முடியாது.

காம்பொனென்ட் இணைப்பு: பச்சை, நீலம், சிவப்பு என மூன்று கம்பிகளில் படம் பிரிந்து செல்லும். ஒலிக்குத் தனிக் கம்பிகள் வேண்டும். உயர்தெளிவுப் படத்தையும் அனுப்பலாம்.

எச்டிஎம்ஐ இணைப்பு: 2002 டிசம்பரில் இதன் முதல் வரையறை வெளியானது. 19 ஊசிகள் கொண்ட ஒரே கம்பியில் படமும் பல தட ஒலியும் டிஜிட்டல் வடிவில் செல்லும். 2013-இல் வந்த 2.0 பதிப்பு, 4கே படத்தை நொடிக்கு 60 சட்டங்கள் வரை அனுப்பும்.

டிஜிட்டல் கம்பியில் விலைக்கேற்பப் படம் அழகாவதில்லை. தகவல் சரியாகச் சேர்ந்தால் முழுப் படம் வரும். சேராவிட்டால் புள்ளிகள் மின்னும் அல்லது திரை அணைந்து அணைந்து வரும். சில அடித் தூரத்துக்குச் சாதாரண விலைக் கம்பியே போதும். கூரையில் பொருத்திய புரொஜெக்டர் போன்ற நீண்ட தொலைவுக்கு மட்டும் அதற்கென்று தயாரித்த கம்பி தேவை.

இணைக்கும் முறைகள்

ரிசீவர் உள்ள வீடுகளில் எல்லா மூலங்களையும் ரிசீவரில் செருகி, அதிலிருந்து ஒரே எச்டிஎம்ஐ கம்பியைத் திரைக்குக் கொண்டு செல்லலாம்.

சவுண்டுபார் மட்டும் இருந்தால், மூலங்களைத் தொலைக்காட்சியிலேயே செருகி, ஒலியை மட்டும் வெளியே எடுக்கலாம். இதற்கு ஏஆர்சி என்று குறிக்கப்பட்ட எச்டிஎம்ஐ துளையையே பயன்படுத்த வேண்டும். மற்றத் துளைகளில் ஒலி திரும்பி வராது. அமைப்புகளில் சிஇசி வசதியை இயக்கி, ஒலி வெளியீட்டையும் மாற்ற வேண்டும். ஏஆர்சி இல்லாத தொலைக்காட்சிகளில் ஆப்டிகல் கம்பி உதவும்.

வழக்கமான குறைகளும் தீர்வுகளும்

எச்டிஎம்ஐ இணைத்தும் தெளிவில்லை: பார்ப்பது சாதாரணத் தரச் சேனலாக இருக்கலாம். கம்பி, மூலத்தில் இல்லாத தெளிவை உண்டாக்காது. எச்டி பெட்டியும் எச்டி சேனலும் இருந்தும் குறை தொடர்ந்தால், பெட்டியின் அமைப்பில் வெளியீடு 576-இல் நிற்கிறதா என்று பார்த்து 1080-க்கு மாற்ற வேண்டும்.

முகங்கள் அகன்று தெரிகின்றன: 4:3 அளவிலான படம் 16:9 திரைக்கு இழுக்கப்பட்டுள்ளது. பட அளவை மாற்றினால் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு இயல்பாகத் தெரியும்.

படம் கறுப்பு வெள்ளையாக வருகிறது: சில தொலைக்காட்சிகளில் மஞ்சள் முனையைப் பச்சைத் துளையில் செருக வேண்டும். அப்போது உள்ளீட்டைக் காம்பொனென்ட் என்று வைத்திருந்தால் நிறம் வராது. ஏவி என்று மாற்ற வேண்டும்.

ஒலி வருகிறது, படம் இல்லை: நகல் தடுப்பு முறையான எச்டிசிபி, இரு கருவிகளுக்கும் இடையே ஒத்துப்போகாமல் இருக்கலாம். இரண்டையும் அணைத்து, கம்பியைக் கழற்றிச் செருகி, மீண்டும் இயக்கிப் பார்க்கலாம்.

பழைய கருவிகள்

எச்டிஎம்ஐ மட்டுமே உள்ள புதிய பெட்டியைப் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் இணைக்க, எச்டிஎம்ஐ-யிலிருந்து ஏவி-க்கு மாற்றும் கருவி வேண்டும். பழைய விசிஆரைப் புதிய தொலைக்காட்சியில் இணைக்க, ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றுவது வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவை ஒருவழிக் கருவிகள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது. கடையில் எது மூலம், எது திரை என்று சொல்லியே வாங்க வேண்டும்.

புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் ஏவி உள்ளீடு ஹெட்போன் துளை போன்ற ஒற்றைத் துளையாக இருக்கும். அதற்குரிய கம்பியின் ஊசி வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், தொலைக்காட்சியுடன் வந்த கம்பியைத் தூக்கி எறியக் கூடாது.

திருமண வீடியோ கேசட் வைத்திருப்போருக்கு இந்த இணைப்பு அவசரமானது. காந்த நாடா ஆண்டுதோறும் வலுவிழக்கும். ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் விசிஆரின் தலைப்பகுதியும் கெடும். நன்றாக ஓடும் கேசட்டை, ஏவி உள்ளீடு கொண்ட யுஎஸ்பி பதிவுக் கருவி வழியாகக் கணினியில் ஏற்றி, இரண்டு இடங்களில் சேமித்து வைப்பது நல்லது.

பாதுகாப்பு

எல்லாக் கருவிகளையும் அணைத்த பின்பே கம்பிகளைச் செருக வேண்டும். இடி மின்னலின்போது மின்சாரப் பிளக்கை மட்டும் பிடுங்குவது போதாது. மொட்டைமாடியிலிருந்து வரும் டிஷ் அல்லது கேபிள் கம்பியையும், மேகம் திரளும்போதே கழற்றிவிட வேண்டும். மின்னல் தொடங்கிய பின் அக்கம்பிகளைத் தொடக் கூடாது. அவ்வழியாக வரும் மின்னழுத்தம், எச்டிஎம்ஐ கம்பி மூலம் தொலைக்காட்சிக்கும் ரிசீவருக்கும் சென்று அவற்றையும் சேர்த்துப் பழுதாக்கும்.