தோட்டத்துச் சபைகள் – 9: வெஸ்லி தந்த முறை, வேதநாயகர் தந்த பாட்டு

மலாயாவுக்கு மெதடிஸ்ட் சபை வந்தது 1885இல். தமிழர் கதை அதற்குப் பிறகுதான் என்று வழக்கமாகச் சொல்வோம். உண்மையில், அந்தச் சபை பிறப்பதற்கு முன்பே தரங்கம்பாடி அதன் கதைக்குள் வந்துவிட்டது.

1712ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரில் குருவானவர் வீடு. வீட்டுக்காரர் சபை வேலையாக லண்டனில் இருக்கிறார். அவர் மனைவி சூசன்னா வெஸ்லியின் கையில் ஓர் அறிக்கை கிடைக்கிறது. சீகன்பால்க், புளுட்சோ என்ற இரண்டு மிஷனரிகள் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படித்துத் தமிழரிடையே ஊழியம் செய்த விவரம் அதில் இருந்தது. படித்தவருக்கு மனம் கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் மட்டும் ஞாயிறு மாலையில் நடத்திவந்த வீட்டு ஜெபத்தை ஊருக்கே திறந்துவிட்டார். 200 பேர் வரை கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த மகன் ஜானுக்கு அப்போது எட்டு வயது. தம்பி சார்லஸுக்கு நான்கு. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தை உண்டாக்கியவர்கள் இந்த இருவரும்தான்.

பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே இருக்கும் நம் சுங்காயிலும், அதைச் சுற்றியிருந்த பால்மரத் தோட்டங்களிலும் ஒலித்த கிறிஸ்தவப் பாட்டுகளைப் பற்றி இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது, எப்வொர்த்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

கப்பலில் கேட்ட பாட்டு

1735இல் அண்ணனும் தம்பியும் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார்கள். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல். பெரிய பாய் கிழிந்து, தண்ணீர் தளத்துக்கு மேல் புரண்டது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொராவியச் சபையைச் சேர்ந்த 26 ஜெர்மானியர்கள், தொடங்கிய சங்கீதத்தை நிறுத்தாமல் பாடி முடித்தார்கள். பெண்களும் பிள்ளைகளுங்கூட அஞ்சவில்லை. ஏற்கெனவே குரு பட்டம் பெற்றிருந்த ஜான் வெஸ்லி தன் விசுவாசத்தைத் தானே சந்தேகித்தார். அவர்களிடம் பேச ஜெர்மன் படித்தார். அவர்கள் பாட்டுகளை மொழிபெயர்க்கவும் தொடங்கினார்.

1737இல் சார்ல்ஸ்டன் நகரில் தம் முதல் பாட்டுப் புத்தகத்தை அச்சிட்டார். அதே ஆண்டு சவானாவில் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று, அதிகாரம் பெற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளாத பாட்டுகளை ஆராதனையில் நுழைத்தார் என்பது. கோயிலில் எதைப் பாடலாம் என்ற சண்டை எல்லாச் சபைகளிலும் உண்டு. நம்மவர் சண்டையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1738 மே மாதத்தில் சில நாள் இடைவெளியில் இருவருக்கும் மனமாற்றம் நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜான் பிரிஸ்டல் பக்கம் கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கக்காரர்களிடம் திறந்தவெளியில் பிரசங்கிக்கப் போனார். பெரும்பாலும் எழுத்து வாசனை இல்லாதவர்கள். பிரசங்கம் ஒரு மணி நேரத்தில் காற்றோடு போய்விடும். பாட்டு வேலைக்கும் கூடவே வரும். இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார்கள் அண்ணனும் தம்பியும். சார்லஸ் 6,000க்கு மேற்பட்ட பாட்டுகளை எழுதினார். ஜான் அவற்றைத் தேர்ந்து, திருத்தி, மெட்டுச் சேர்த்துப் புத்தகமாக்கினார்.

1780இல் வந்த பெரிய தொகுப்பில் 525 பாட்டுகள். பண்டிகை வரிசையில் அவை அடுக்கப்படவில்லை. மனந்திரும்பாதவன், திரும்பியவன், வழுக்கி விழுந்தவன், போராடுகிறவன், துன்பப்படுகிறவன் என்று ஒரு மனிதனின் ஆத்தும நிலைகளே அத்தியாயங்கள். வேத சாஸ்திரக் கல்லூரிக்குப் போகாத ஏழைக்கு இந்தப் புத்தகந்தான் கல்லூரி.

பாடுவதற்கும் ஜான் சட்டம் போட்டவர். 1761இல் அவர் கொடுத்த ஏழு விதிகளின் சாரம் இதுதான்: எல்லோரும் பாட வேண்டும், களைப்பாக இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. அரைத் தூக்கத்தில் முனகக் கூடாது. மற்றவர் குரலை அமுக்கிக் கத்தவும் கூடாது. காலம் தப்பி இழுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சொல்லையும் கடவுளை நினைத்துப் பாட வேண்டும். இந்த விதிகளை அப்படியே தமிழில் எழுதி நம் கோயில் சுவர்களில் ஒட்டலாம்.

இங்கே ஒரு கட்டுக்கதையைத் தள்ளிவிடுகிறேன். வெஸ்லி சாராயக்கடை மெட்டுகளை எடுத்துப் பக்திப் பாட்டாக்கினார் என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. மேடை இசையை அவர்கள் ஒதுக்கவில்லை என்பது உண்மை. சார்லஸ் 1747இல் எழுதிய புகழ்பெற்ற பாட்டு ஒன்றுக்கு, பர்செல் இசையமைத்த நாடகப் பாட்டுதான் முன்மாதிரி. பேரிசைவாணர் ஹேண்டலே சார்லஸின் மூன்று பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். அந்தக் கையெழுத்துப் படியை 1826இல் கேம்பிரிட்ஜில் கண்டெடுத்தவர் சார்லஸின் மகன் சாமுவேல்.

சிங்கப்பூர் துறைமுகத்திலிருந்து

1885 பிப்ரவரி 7. இந்தியாவிலிருந்து வந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி ஜேம்ஸ் தோபர்னும், பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டமும் சிங்கப்பூரில் இறங்கினார்கள். கூட்டங்களில் பாட்டுக்குத் துணை செய்யக் கல்கத்தாவிலிருந்து ஜூலியா பேட்டி என்ற பெண்மணியும் கூடவே வந்தார். ஊழியத்துக்குப் புறப்பட்டவர்கள் பாட்டுக்கென்றே ஓர் ஆளை அழைத்து வந்ததுதான் மெதடிஸ்ட் வழக்கம். 1887இல் சிங்கப்பூரில் தமிழ்ச் சபை எழும்பியது. 1895இல் டபிள்யூ. இ. ஹார்லி ஈப்போவுக்கு வந்து ஆங்கிலோ சைனீஸ் பள்ளியைத் தொடங்கினார்; பேராவில் சபையும் வேர் பிடித்தது.

1903இல் பிறையிலிருந்து சிரம்பான்வரை ரயில் பாதை ஒன்று சேர்ந்தது. சுங்காய் அந்தப் பாதையில் ஒரு நிறுத்தம். ரயிலோடு யாழ்ப்பாணத்தார் வந்தார்கள்: ஸ்டேஷன் மாஸ்டர், கணக்கெழுதும் கிராணி, மருந்து கட்டும் டிரசர். 1814 முதல் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலேய வெஸ்லியன் மிஷன் இருந்ததால் அவர்களில் பலர் பிறவி மெதடிஸ்ட்கள். ரப்பரோடு தமிழ்நாட்டார் வந்தார்கள். கங்காணி கூட்டிவந்த அந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை; கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன், லண்டன் மிஷன், மதுரை மிஷன் என்று பல மரபினர். இதற்கு மேல் சபையை நடத்தியது அமெரிக்க மிஷன். அது தன் பங்குக்குப் பாடகர் சாங்கியின் எழுப்புதல் பாட்டுகளையும், கண் தெரியாத ஃபேனி கிராஸ்பி எழுதிக் குவித்த பாட்டுகளையும் கொண்டுவந்தது.

ஆக, பேரா தமிழ் மெதடிஸ்ட் சபையில் மூன்று பாட்டு மரபுகள் வந்து கலந்தன. இங்கிலீஷ் பாட்டுப் புத்தகம் கிராணி வீட்டில், தமிழ்ப் பாமாலை கோயிலில், கீர்த்தனை தொழிலாளர் குடியிருந்த லயத்தில். யார் எதைப் பாடினார்கள் என்பதில் அந்தக் காலத்துத் தோட்டத்தின் மேல்-கீழ் வரிசை அப்படியே தெரியும். ஆண்டவர் முன்னால் எல்லோரும் சமம் என்று பிரசங்கம் சொன்னாலும், பெஞ்சில் உட்கார்ந்தவர் வேறு, பாயில் உட்கார்ந்தவர் வேறு.

பல்லவி செய்த வேலை

இந்த மூன்றில் தொழிலாளியின் நாவில் நின்றது கீர்த்தனைதான். ஏன் என்பதற்குக் காரணம் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

பாமாலை, ஐரோப்பிய மெட்டுக்குள் தமிழை அடைத்தது. ஜெர்மன் பாட்டுகளைத் தமிழாக்கிய ஃபப்ரீசியஸ் போன்றவர்கள் பெரிய மொழி வல்லுநர்கள்தாம். ஆனாலும் மெட்டு எங்கே நீள்கிறதோ அங்கே நெடில் வந்து விழ வேண்டுமே! பல இடங்களில் குறில் இழுபடும், நெடில் சுருங்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் புத்தகத்தைப் பார்த்துச் சமாளிப்பார். ஒவ்வொரு அடியும் புதுச் சொற்களாக ஓடுவதால், புத்தகம் இல்லாதவர் சும்மா நிற்க வேண்டியதுதான்.

ஒரு பழைய கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாட்டின் எண்ணுக்குக் கீழே ராகமும் தாளமும்: செஞ்சுருட்டி, ஆனந்தபைரவி, சங்கராபரணம், ஆதி, ரூபகம். அதற்குக் கீழே பல்லவி, அனுபல்லவி, எண் போட்ட சரணங்கள். உபதேசியார் ஓர் அடி பாடுவார், சபை அதைத் திருப்பிப் பாடும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவி திரும்பி வரும். சரணம் தெரியாத கிழவியும், நேற்றுத்தான் வந்து உட்கார்ந்த பக்கத்து வீட்டுக்காரரும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். நாலு வாரம் கேட்டால் சரணமும் மனப்பாடம். மாரியம்மன் கோயில் பஜனையில் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை. ஒரு ஹார்மோனியம், ஒரு டோலக், ஒரு ஜோடித் தாளம் போதும்.

இந்தக் கீர்த்தனை மரபுக்குத் தலைமகன் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். இளவரசர் சரபோஜியோடு பழகியவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். புதிதாக வந்த மிஷனரிகள் கோயிலில் தமிழ்க் கீர்த்தனை கூடாதென்று தடுத்தபோது, 1829இல் எதிர்த்து எழுதினார். சவானாவில் வெஸ்லிக்கு நேர்ந்தது தஞ்சாவூரில் இவருக்கு. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. கீர்த்தனைக்காக வாதாடிய அதே மூச்சில், கோயிலில் சாதிகளைக் கலந்து உட்கார வைத்ததையும் கொடுமை என்று எழுதியவர் அவர். அவருடைய பாட்டு கடல் தாண்டிச் சாதியற்றவர்களாகவும் கடைச் சாதிகளாகவும் நடத்தப்பட்டவர்களின் வாயில் குடியேறியது. சாஸ்திரியார் நினைத்துப் பார்த்திராத கூட்டம் அது. பாட்டு எழுதியவரைவிடப் பெரிதாக வளர்ந்தது.

கீர்த்தனையைக் கோயிலுக்குள் திரும்ப அழைத்து வந்ததில் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயருக்குப் பெரும் பங்கு உண்டு. 1853இல் அவர் அச்சிட்ட தொகுப்பில் சாஸ்திரியார் பாட்டுகளே மிகுதி. அந்த வழியில் பெருகிய புத்தகங்கள்தாம் பெட்டிகளில் கப்பலேறி மலாயா வந்தன.

இப்போது சொல்கிறேன்: நம் தோட்டங்களுக்கு வெஸ்லியின் பாட்டுகள் வந்ததைவிட வெஸ்லியின் முறைதான் வந்தது. படிப்பில்லாதவனுக்குப் பாட்டே வேதம், எல்லோரும் பாட வேண்டும், மனப்பாடமாகப் பாட வேண்டும் என்ற முறை. கிங்ஸ்வுட் சுரங்கத்தில் சார்லஸின் பாட்டு செய்த வேலையை, சுங்காய் லயத்தில் கீர்த்தனை செய்தது.

இந்த உண்மையை உலகச் சபைக்கு எடுத்துச் சொன்னவரும் ஒரு தமிழ் மெதடிஸ்ட்தான். யாழ்ப்பாணத்து டி. டி. நைல்ஸ். 1959இல் கோலாலம்பூரில் முதல் பேரவை கூட்டிய கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் பொதுச் செயலாளர். ஆசியர்கள் ஆசிய ராகத்தில் பாடட்டும் என்று 1963இல் அதற்கொரு பாட்டுப் புத்தகம் தொகுத்தார். பஞ்சாபி மெட்டில் ‘சரணம்’ என்று பல்லவி வரும் பாட்டு ஒன்றை அவர் ஆங்கிலமாக்கினார். 1989இல் அமெரிக்க ஐக்கிய மெதடிஸ்ட் சபை வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் அது இடம்பெற்றது. கப்பலில் வந்த பாட்டு மரபு கப்பலேறித் திரும்பிப் போனது.

திரை வந்த பிறகு

ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல், அதாவது பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்பது, தொடங்கியது. அதை எதிர்கொள்ளத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் காலியானது, சபை பட்டணத்துக்கும் தாமான் குடியிருப்புகளுக்கும் குடிபெயர்ந்தது. 1968இல் தன்னாட்சி பெற்று, 1976இல் சிங்கப்பூரிலிருந்து பிரிந்த மலேசிய மெதடிஸ்ட் சபையில் இன்று தமிழ்ச் சபைகளுக்கெனத் தனி ஆண்டு மாநாடே இருக்கிறது. வளர்ச்சிதான்.

பாட்டு மட்டும் கைமாறிவிட்டது. கீபோர்டும் டிரம்ஸும் மேடையில், வரிகள் திரையில், பெர்க்மான்ஸ் ஐயாவின் ‘ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்’ தொடங்கித் தமிழ்நாட்டில் இந்த மாதம் வந்த பாட்டுவரை யூடியூபில். புதுப் பாட்டு கூடாதென்று நான் சொல்ல மாட்டேன்; வெஸ்லி காலத்தில் சார்லஸின் பாட்டும் புதுப் பாட்டுத்தான். என் குறை வேறு. மேடையில் நால்வர் மைக்கில் பாட, கீழே நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். திரை அணைந்தால் இரண்டாம் அடி யாருக்கும் வராது. எல்லோரும் பாட வேண்டும் என்ற வெஸ்லியின் விதியே அங்கே அடிபட்டுப் போகிறது. பேர் மெதடிஸ்ட் சபை, பாடுவது குழு.

இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் தேவையில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு கீர்த்தனை, ராகத்தோடும் தாளத்தோடும், புத்தகம் இல்லாமல் பாடும்வரை சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். சுங்காய், துரோலாக், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த வாசகர்களே, உங்கள் வீட்டில் கையால் எழுதிய பாட்டு நோட்டு இருந்தால், எந்தத் தோட்டம், யார் சொல்லிக் கொடுத்தது என்ற விவரத்தோடு ஆசிரியருக்கு எழுதுங்கள். அந்த நோட்டுகள்தாம் இந்தத் தொடருக்கு இனி ஆதாரம்.

(தொடரும்)