நட்சத்திரங்களால் உயர்ந்து செலவினால் சரிந்த ஓர் உதைபந்தாட்ட லீக்

பேலே, பெக்கன்பவர், குரூய்வ், ஜோர்ஜ் பெஸ்ட் ஆகிய நால்வரும் விளையாடிய ஒரு தொழில்முறை லீக், 17 பருவகாலங்களில் இருந்த இடம் தெரியாமல் மறைந்துபோனது என்றால் இன்றைய இளம் இரசிகர்கள் நம்பத் தயங்குவர். ஆயினும், 1968இல் ஆரம்பிக்கப்பட்டு 1984உடன் முடிவுற்ற வட அமெரிக்க உதைபந்தாட்ட லீக்கின் கதை அதுவேயாகும்.

ஒன்றுடன் ஒன்று போட்டியிட்ட இரு அமைப்புகளின் இணைப்பினால் உருவான இந்த லீக், ஆரம்பத்தில் வெறிச்சோடிய மைதானங்களிலேயே நடைபெற்றது. 1975 ஜூனில் நியூயோர்க் கொஸ்மொஸ் கழகம் பேலேயை ஒப்பந்தம் செய்ததுடன் நிலைமை மாறியது. அவருடைய முதலாவது போட்டி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்தமையால், புல்லற்றுக் கிடந்த மைதானத்திற்குப் பச்சை நிறம் பூச வேண்டியிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1977 ஓகஸ்ட்டில், நியூஜேர்சியின் ஜயன்ட்ஸ் அரங்கில் கொஸ்மொஸின் போட்டியொன்றைக் காண 77,691 பேர் திரண்டனர். அதே ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி பேலே விடைபெற்றார். தமது பழைய கழகமான சன்டோஸுக்கு எதிரான அப்போட்டியில், இரு அணிகளுக்கும் ஒவ்வொரு பாதி ஆட்டத்தில் அவர் விளையாடினார்.

வீழ்ச்சியின் வித்தும் அந்த வெற்றியிலேயே ஊன்றப்பட்டது. 18ஆக இருந்த அணிகளின் எண்ணிக்கை 1978இல் 24ஆக உயர்த்தப்பட்டது. புதிய உரிமையாளர்கள் செலுத்திய அனுமதிக் கட்டணம் வருமானமாகக் கொள்ளப்பட்டதேயன்றி, அவர்களால் நின்றுபிடிக்க முடியுமா என்பது சிந்திக்கப்படவில்லை. கொஸ்மொஸின் பின்னால் வோர்னர் கொம்யூனிகேஷன்ஸ் என்னும் பெரு நிறுவனம் நின்றது. அத்தகைய பின்பலம் இல்லாத கழகங்களும் அதற்கு ஈடாக ஐரோப்பிய நட்சத்திரங்களை விலைக்கு வாங்க முற்பட்டன. கொஸ்மொஸின் போட்டிகளுக்குச் சராசரியாக 40 ஆயிரத்திற்கும் அதிகமானோர் வந்தபோதிலும், லீக்கின் பொதுச் சராசரி அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. விரலுக்கேற்ற வீக்கம் என்ற பழமொழியை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

தேசிய தொலைக்காட்சி ஒப்பந்தம் 1980இன் பின்னர் நீடிக்கவில்லை. 1986 உலகக் கிண்ணத்தை நடத்தும் வாய்ப்பு ஐக்கிய அமெரிக்காவுக்கன்றி மெக்சிக்கோவுக்கே 1983இல் வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அட்டாரி நிறுவனத்தினால் பெரும் நட்டமடைந்த வோர்னரும் கொஸ்மொஸைக் கைவிடத் தலைப்பட்டது. 1984இல் ஒன்பது அணிகளே எஞ்சின. 1985 மார்ச்சில் லீக் செயலிழந்தது. ஜயன்ட்ஸ் அரங்கும் 2010இல் இடித்தகற்றப்பட்டது. அதனருகில் எழுந்த புதிய அரங்கே 2026 உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்குத் தெரிவு செய்யப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

தோல்வி கற்றுத்தந்த பாடம் வீண்போகவில்லை. 1994 உலகக் கிண்ணத்தை நடத்துவதற்கான உடன்பாட்டின் விளைவாக 1996இல் தோன்றிய மேஜர் லீக், பத்து அணிகளுடன் மாத்திரமே ஆரம்பமாகியது. வீரர்களின் ஒப்பந்தங்களைக் கழகங்களுக்குப் பதிலாக லீக்கே வைத்துக்கொண்டது. சம்பளத்திற்கு உச்சவரம்பும் விதித்தது. 1999இல் கொலம்பஸ் நகரில் உதைபந்தாட்டத்திற்கென்றே அளவான அரங்கொன்று கட்டப்பட்டது.

எமது நாட்டிலும் 2020 முதல் லங்கா பிரீமியர் லீக் நடத்தப்பட்டுள்ளது. முதலாவது கிண்ணத்தை வென்ற யாழ்ப்பாண ஸ்டாலியன்ஸ், மறு ஆண்டே யாழ்ப்பாண கிங்ஸ் ஆனது. தம்புள்ள அணியோ 2024 வரையில் பலமுறை பெயர் மாறியது. ஊரின் பெயரைச் சூடிய அணியை அவ்வூர் மக்கள் தமதென நேசிக்கின்றனர். அந்த நேசத்தை எந்தப் பணத்தினாலும் வாங்க இயலாது. உரிமையாளர் மாறும்போதெல்லாம் அது சிறிது சிறிதாகத் தேய்ந்துபோகும். கொஸ்மொஸின் இரசிகர்கள் இதனை அறிந்துகொண்டபோது, அவர்கள் ஆரவாரிக்க அணியே எஞ்சியிருக்கவில்லை.