ஓட்டத்திற்கும் சைக்கிளுக்கும் ஏற்ற மார்க்கச்சு

தலைப்பைக் கண்டதும் ஆண் அங்கத்தினர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். அருள்கூர்ந்து புரட்ட வேண்டாம். இது உங்கள் புதல்வியரைப் பற்றிய விஷயம். அவர்களுக்கு வேண்டிய பொருளுக்குப் பணம் கொடுப்பவர்களும் பெரும்பாலும் நீங்களே.

சென்ற கோடையில் எட்டயபுரம் பக்கத்திலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தில் கணக்குத் தணிக்கையை முடித்துக்கொண்டு புறப்படும் தறுவாயில், அங்கத்தினர் ஒருவரின் வீட்டில் மோர் அருந்தச் சென்றிருந்தேன். அவர்களுடைய மகள் பட்டப் படிப்பு முடித்தவள். காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். எழுத்துத் தேர்வைப் பற்றி அவளுக்கு அச்சமில்லை. ஓட்டப் பயிற்சியைத்தான் நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். காரணம் கேட்டேன். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஓடினா மார்பு வலிக்குது மேடம். கூட ஓடுற பசங்க பாக்குறதும் ஒரு மாதிரியா இருக்கு” என்றாள். “ஏட்டி, இதையெல்லாமா மேடம்கிட்ட சொல்லுவ?” என்று தாயார் கடிந்துகொண்டார்.

சொல்லத்தான் வேண்டும். அண்மை ஆண்டுகளில் நடைபெற்ற இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுகளில் பெண்கள் 400 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடிக் கடக்க வேண்டுமென்பது விதி. அதில் தவறினால், எழுத்துத் தேர்வில் பெற்ற மதிப்பெண்ணால் பயனில்லை. தூத்துக்குடி தருவை மைதானத்தில் விடியற்காலையில் ஓடும் பெண்களைப் பார்த்தால், இந்த 400 மீட்டரை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பது புரியும். ஓர் உள்ளாடையின் குறையால் அரசாங்க உத்தியோகம் கைநழுவுகிறது என்றால் அதைப் பேசாமலிருப்பது நாகரிகமாகாது.

முதலில் தேகத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்வோம். பெண்ணின் மார்பகத்தில் தசை கிடையாது. தசை அதன் பின்புறம் நெஞ்செலும்புக் கூட்டின்மீது இருக்கிறது. மார்பகத்தைத் தாங்குவன மேல்தோலும், உள்ளே ஓடும் மெல்லிய நார்களுமே. 19-ஆம் நூற்றாண்டில் இவற்றை விவரித்த ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயராலேயே மருத்துவர்கள் அந்நார்களை வழங்குகிறார்கள். தேகப்பயிற்சியினால் கை காலை வலுப்படுத்துவதுபோல் இந்நார்களை வலுப்படுத்த இயலாது. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவின் பாதையை வரைந்தால் ஏறக்குறைய 8 என்ற எண்ணின் வடிவம் வரும். மார்பு சிறியதாக இருப்பவர்களுக்கும் இவ்வசைவு உண்டு. ஆகவே “எனக்கு எதற்கு?” என்று ஒல்லியான பெண்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக் கழகத்தார் இத்துறையில் நெடுங்காலமாக ஆராய்ச்சி செய்துவருகிறார்கள். 2,089 பள்ளி மாணவியரை விசாரித்து அவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகத்தின் காரணமாக விளையாட்டில் கலந்துகொள்வது ஏதேனும் ஒரு வகையில் பாதிக்கப்படுவதாக நூற்றுக்கு 46 பேர் கூறியிருந்தனர். தாராளமாகக் கடைகள் உள்ள தேசத்தின் நிலை இது. எட்டயபுரத்துப் பெண் தனி ஒருத்தி அல்லள் என்பதை அறிவதற்காக இதைச் சொல்கிறேன்.

இதற்கெனத் தனி ஆடை தோன்றி ஏறக்குறைய அரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1977-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், நாள்தோறும் ஓடும் பழக்கமுள்ள லிசா லிண்டால் என்பவர், ஆண்களுக்கு விளையாட்டின்போது அணிய லங்கோடு போன்ற தாங்கு உடை இருக்கிறதே, பெண்களுக்கு ஏன் இல்லை என்று யோசித்தார். நாடக உடைகள் தைக்கும் அவருடைய தோழி பாலி ஸ்மித்தும், ஹிண்டா ஷ்ரைபர் என்ற மற்றொரு பெண்மணியும் உடன் சேர்ந்தார்கள். பலவிதமாகத் தைத்துப் பார்த்தும் சரிவராமல், கடைசியில் அந்த ஆண் உடைகள் இரண்டையே வெட்டி ஒன்றாக இணைத்துத் தைத்தார்கள். முதல் ஸ்போர்ட்ஸ் பிரா அதுதான். 1979-இல் அதற்கு உரிமைப் பட்டயம் கிடைத்தது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மராத்தான் ஓட்டம் வைத்தது அதற்குப் பின்னர், 1984-இல்தான். நம் பக்கத்துப் பெண்கள் எல்லா வகைக்கும் ‘பாடி’ என்று ஒரே பெயர் சொல்வார்கள். கடையில் ‘ஸ்போர்ட்ஸ் பிரா’ என்று குறிப்பாகக் கேட்டால்தான் வேண்டியது கிடைக்கும்.

நெசவாளர்களான நீங்கள் எளிதில் விளங்கிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. தறியில் நெய்த துணி, பாவின் நீளத்திலும் ஊடையின் அகலத்திலும் இழுபடாது. மூலைவாட்டில்தான் சற்று இழுபடும். அதனால்தான் தையற்காரர்கள் ரவிக்கையை ‘கிராஸ்’ வைத்து வெட்டுகிறார்கள். ஆனால் ஓடும் உடம்புக்கு அந்த இழுவை போதாது. பின்னல் துணியில் நூல் வளையம் வளையமாகக் கோக்கப்பட்டிருப்பதால் அது எப்பக்கமும் நீண்டு திரும்புகிறது. அத்துடன் எலாஸ்டேன் எனப்படும் இழையைச் சேர்க்கிறார்கள். 1958-இல் டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த இந்த இழை, தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்குமேல் நீண்டும் பழைய நிலைக்கு வரும். துணியோடு இணைத்த சீட்டில் ‘எலாஸ்டேன்’, ‘ஸ்பாண்டெக்ஸ்’, ‘லைக்ரா’ என்று எது எழுதியிருந்தாலும் பொருள் ஒன்றே.

பருத்தி விளைவிக்கும் கரிசல் நிலத்து அங்கத்தினர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உண்மையைச் சொல்ல வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சும். ஆனால் உறிஞ்சியதை விடாது. சாதாரண நாட்களில் அது பெரும் நன்மை. நீண்ட தூரம் ஓடும்போதோ, நனைந்த துணி கனத்து, தோலோடு ஒட்டி உராய்கிறது. நமது கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் மிகுதி; வியர்வை எளிதில் உலராது. உலர்ந்த பின்னர் எஞ்சும் உப்பு மார்புக்கடியிலும் அக்குளிலும் தோலை அறுத்துவிடும். உப்பளத்தில் வேலை செய்யும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஓட்டத்துக்கு நைலான் அல்லது பாலியெஸ்டரோடு எலாஸ்டேன் கலந்த, வியர்வையை வெளிப்புறம் கடத்தும் மெல்லிய பின்னல் துணியே ஏற்றது. முதுகுப் பக்கம் வலைபோல் அமைந்திருந்தால் இன்னும் நலம். பள்ளிக்கோ வேலைக்கோ ஐந்தாறு மைல் சைக்கிளில் செல்பவர்களுக்குப் பருத்தியும் எலாஸ்டேனும் கலந்தது தாராளமாகப் போதும்.

சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடம்பு தரையில் மோதி எழுகிறது. ஆகையால் தாங்குதல் மிக வலுவாக இருக்க வேண்டும். சைக்கிளில் பாரத்தை இருக்கை தாங்கிக்கொள்வதால், மேடு பள்ளமான சாலையைத் தவிர, அதிர்ச்சி குறைவு. ஆனால் முன்புறம் சாய்ந்து நெடுநேரம் அமர வேண்டியிருக்கிறது. கழுத்துப் பக்கம் இறக்கமாக வெட்டியிருந்தால் சங்கடம். அடிப்பட்டை இறுக்கமாக இருந்தால் மேல் வயிற்றில் பதிந்து மூச்சு முட்டும். சைக்கிளுக்கு நடுத்தர வலுவும், உயர்ந்த கழுத்தும், மென்மையான அடிப்பட்டையும் போதும். ஓட்டத்துக்கு வாங்கியதைச் சைக்கிளுக்கு அணியலாம். சைக்கிளுக்கு வாங்கியதை அணிந்து ஓடலாகாது.

1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் அரசாங்கமே பள்ளி மாணவியருக்கு விலையில்லாமல் சைக்கிள் கொடுத்தது. சைக்கிளைக் கொடுத்தவர்களும் சரி, ஓட்டக் கற்பித்தவர்களும் சரி, உள்ளே அணிவதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நான் அப்படிப்பட்ட சைக்கிளில் பள்ளி சென்ற தலைமுறையைச் சேர்ந்தவள். தோள்பட்டையில் நாடா அறுத்த தழும்பு நெடுநாள் இருந்தது.

அந்தத் தழும்புக்குக் காரணம் பின்னாளில்தான் விளங்கிற்று. பாரத்தைத் தாங்க வேண்டியது தோள் நாடா அன்று, மார்புக்குக் கீழே சுற்றிவரும் அடிப்பட்டை. பட்டை தளர்ந்திருந்தால் பாரம் முழுவதும் நாடாவில் ஏறி, தோளை அறுக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? நாடாவை மேலும் இறுக்குகிறோம்! பட்டை முதுகில் மேலேறாமல், முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு கை நுழைந்தால் தளர்ச்சி. நாடா அகலமாக இருக்கட்டும். முதுகில் குறுக்காகக் கூடும் அமைப்பாயின் ஓடும்போது தோளிலிருந்து நழுவாது.

அளவெடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தையல் நாடாவினால், மூச்சை வெளியே விட்டபின் மார்புக்கு நேர் கீழே ஓர் அளவும், மார்பின் மிக உயர்ந்த பகுதியைச் சுற்றி ஓர் அளவும் எடுக்க வேண்டும். கீழளவு 28 அங்குலம், மேலளவு 34 அங்குலம் என்று கொள்வோம். சில கம்பெனியார் கீழளவோடு 4 அங்குலம் கூட்டி 32 என்பார்கள். மேலளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 2 அங்குலம். அங்குலத்துக்கு ஓர் எழுத்தாக ஏ, பி என்று எண்ணி, 32 பி என்பார்கள். வேறு சிலர் 5 அங்குலம் கூட்டுவார்கள்; இன்னும் சிலர் எதையும் கூட்டாமல் 28 என்றே தொடங்குவார்கள். அப்போது எழுத்தும் மாறிவிடும். ஆகவே தோழியின் அளவைக் கேட்டோ, பழைய ஆடையின் எண்ணைப் பார்த்தோ வாங்கலாகாது. இரண்டு அங்குலக் கணக்குகளையும் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். வளரும் பெண்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடியும் அளக்க வேண்டும்.

வகை என்று பார்த்தால், மார்பை நெஞ்சோடு சேர்த்து அழுத்தி வைப்பது ஒன்று. இரு பக்கத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் தாங்குவது மற்றொன்று. இரண்டும் கலந்தது மூன்றாவது. சிறிய மார்புக்கு முதல் வகை போதும். பெரிய மார்புக்கு இரண்டாவதோ மூன்றாவதோதான் பயன்படும். முதல் வகையை அணிந்தால் அழுத்தம் இருக்கும், தாங்குதல் இராது. கிண்ணத்தின் மேலோ அக்குள் பக்கமோ சதை பிதுங்கினால் சிறியது; துணி சுருங்கி நின்றால் பெரியது.

அணிந்து பார்க்க அனுமதிக்கும் கடையிலேயே வாங்குங்கள். கண்ணாடிமுன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. இரு கைகளையும் தலைக்குமேல் தூக்குங்கள், பட்டை மேலேறுகிறதா? சைக்கிள் பிடியைப் பிடிப்பதுபோல் குனியுங்கள். நின்ற இடத்திலேயே பத்து முறை குதியுங்கள். ஆழமாக மூச்சை இழுத்துப் பாருங்கள். உட்புறம் விரலை ஓட்டி, தையல் தட்டையாக இருக்கிறதா, கொக்கி தோலில் படுகிறதா என்று தடவிப் பாருங்கள். நகரத்துக் கடை ஒன்றில் நான் இவ்வாறு குதித்தபோது விற்பனைப் பெண் சிரித்துவிட்டாள். அதற்கு முந்திய முறை குதித்துப் பார்க்க வெட்கப்பட்டு நான் வாங்கிச் சென்றது, இரண்டே சலவையில் தொய்ந்துபோயிற்று. சிரிப்பு எவ்வளவோ மலிவு.

ஓட்டக்காரப் பெண்கள் பலர் இரண்டு பாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிகிறார்கள். சிலர் துண்டால் இறுகக் கட்டிக்கொள்கிறார்கள். விலா எலும்புகள் விரிய இடமில்லாவிட்டால் மூச்சு குறையும். மூச்சு குறைந்தால் 2 நிமிடம் 30 விநாடி கைகூடாது. இறுக்கமான ஆடையினால் புற்றுநோய் வருமென்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. ஆனால் ஓடாதபோதும் ஒரே பக்கம் வலித்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, அதை ஆடையின் தலையில் போடாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இரண்டு வாங்கி மாற்றி மாற்றி அணிவது சிக்கனம். ஓடி வந்தவுடன் குளிர்ந்த நீரில் அலசி வியர்வை உப்பைப் போக்க வேண்டும். முறுக்கிப் பிழியலாகாது, பிளீச்சிங் தூள் ஆகாது, வெந்நீரும் கடும் வெயிலும் எலாஸ்டேனைக் கெடுக்கும். நிழலில் உலர்த்த வேண்டுமென்றால், நம் வீடுகளில் அதைக் கொடியில் புடவைக்கடியில் மறைத்து ஈரத்தோடு கிடத்துகிறார்கள். காற்றோட்டமில்லாமல் உலரும் ஆடையால் படைதான் வரும். பட்டை தொய்ந்துவிட்டால், துணி புதிதுபோல் இருந்தாலும் கழித்துவிட வேண்டும்.

திருப்பூரின் பின்னலாடைகளில் பெரும்பங்கு நமது தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாகவே அயல்நாடு செல்கிறது. பெட்டி பெட்டியாக விளையாட்டு உடைகள் கப்பலேறும் ஊருக்கு முப்பது மைல் தொலைவில் நம் பெண் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடுகிறாள். பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் இதை மேற்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் சீருடைத் துணிக்கான ஊசி பின்னல் துணியின் வளையத்தை அறுத்துவிடும். முனை மழுங்கிய ஊசி வேண்டும். தையலைத் தட்டையாக்கும் தனி இயந்திரம் வேண்டும். அளவுக்கு அளவு வேறு வெட்டுப் படிவம் வேண்டும். இயந்திரத்துக்கான மதிப்பீட்டை ஒரு சங்கத்தார் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். அதுவரையில், ஓடும் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கடைக்குச் சென்றால் மொத்த விலைக்குப் பேரம் பேச முடிகிறது. எட்டயபுரத்துப் பெண் அப்படித்தான் சென்ற மாதம் வாங்கினாள். கூடச் சென்றவர் அவளுடைய தாயார்.