அந்தமானில் முன்னதாகவே மறையும் சூரியன்: 3 நாள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

அந்தமான் நிகோபார் தலைநகரான போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்படுவதாக 2024 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் அடையக்கூடிய இந்நகருக்குக் குறுகிய பயணம் மேற்கொள்வோர், முதலில் கவனிக்க வேண்டியது சூரியன் மறையும் நேரமாகும்.

இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலிருந்து இந்நகரம் ஏறத்தாழ 10 டிகிரி கிழக்கே உள்ளது. இதனால் அங்கு சூரியன் சுமார் 40 நிமிடங்கள் முன்னதாக உதித்து மறைகிறது. நவம்பர், டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். எனவே கடற்கரை, படகுப் பயணங்களைக் காலையிலேயே தொடங்குவது நல்லது.

முதல் நாள், 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைப் பகலில் பார்வையிட்டு, இருட்டிய பின் அங்கு நடைபெறும் ஒலி-ஒளிக் காட்சியைக் காணலாம். இரண்டாம் நாள் காலை, பிரிட்டிஷ் நிர்வாகத்தின் தலைமையிடமாக இருந்த ராஸ் தீவுக்குப் படகில் செல்லலாம். 2018 டிசம்பரில் இத்தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும், ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்றும் பெயர் சூட்டப்பட்டது. முன்பதிவின்போது இரு பெயர்களையும் அறிந்திருப்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

கடல் கொந்தளிப்பின்போது படகுகள் ரத்து செய்யப்படுவதுண்டு. ஸ்வராஜ் தீவுக்குச் செல்வோர், ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே தலைநகருக்குத் திரும்பிவிடுவது பாதுகாப்பானது.