‘ஷோகன் 2’ விளையாட்டு: வெற்றி நெருங்கும்போது நாடே எதிர்ப்பது ஏன்? சமாளிப்பது எப்படி?

ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்தை மையமாகக் கொண்ட ‘டோட்டல் வார்: ஷோகன் 2’ கணினி விளையாட்டைப் புதிதாக ஆடுவோர் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் தோற்கின்றனர். பல மணி நேரம் செலவிட்டு அண்டை மாகாணங்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி, கருவூலமும் நிறைந்திருக்கும் வேளையில், அதுவரை நட்புப் பாராட்டிய குலங்கள் அடுத்தடுத்துப் போர் அறிவிக்கின்றன. இது விளையாட்டின் கோளாறு அல்ல. அதன் மைய விதியே இதுதான்.

பிரிட்டனின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டை, செகா நிறுவனம் 2011 மார்ச் மாதம் வெளியிட்டது. 2020 ஏப்ரல் இறுதியில், கொரோனா பொதுமுடக்கக் காலத்தில், ஸ்டீம் தளத்தில் சில நாள்கள் இது இலவசமாக வழங்கப்பட்டது. அப்போது கணக்கில் சேர்த்துக்கொண்டவர்கள் இன்றும் கட்டணமின்றி ஆடலாம்.

கதைக்களம் 1545-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஆடுபவர் ஒரு குலத்தின் தலைவராகிறார். ஒரு சுற்று என்பது ஒரு பருவம்; நான்கு சுற்றுகள் சேர்ந்தால் ஓராண்டு. வரைபடத்தில் கட்டுமானம், படை நகர்வு, உடன்படிக்கை ஆகியவற்றைத் தீர்மானிக்க வேண்டும். இரு படைகள் சந்தித்தால், களத்தில் நேரடியாகப் போரை நடத்தலாம். குறுகிய ஆட்டத்தில் 1575-க்குள் கியோட்டோ உட்பட 25 மாகாணங்களைப் பிடித்திருக்க வேண்டும். கையில் இருப்பது ஏறத்தாழ 120 சுற்றுகள் மட்டுமே.

புகழே பகையாகும் விதி

போரில் வெல்லும்போதும் மாகாணம் பிடிக்கும்போதும் குலத்தின் புகழ் உயர்கிறது. குல விவரப் பக்கத்தில் உள்ள அளவுகோல் இதனைக் காட்டும். அது உச்சத்தைத் தொட்டதும், ஷோகன் அந்தக் குலத்தை நாட்டின் எதிரியாக அறிவிக்கிறார். ‘ரெல்ம் டிவைட்’, அதாவது நாடு இரண்டாகப் பிளவுறுதல், என்று இதற்குப் பெயர். பெரும்பாலான ஆட்டங்களில் 15 மாகாணங்களை ஒட்டி இது நிகழ்கிறது. அதற்கு முன்பே கியோட்டோவைப் பிடித்தாலும் உடனே நிகழும். அதன் பின்னர் மற்ற குலங்களுடனான உறவு சுற்றுக்குச் சுற்று மோசமாகிக்கொண்டே போகும். பழைய கூட்டாளிகளும் விலக்கல்ல.

இவ்விதிக்கு வரலாற்றில் வேர் உண்டு. ஓடா நோபுனாகா 1568-இல் கியோட்டோவுக்குள் நுழைந்து, அஷிகாகா யோஷியாக்கியை ஷோகனாக்கினார். விரைவிலேயே யோஷியாக்கியே அவருக்கு எதிராகத் திரும்பினார். தகேடா, அசகுரா, அசாய் குலங்களும் ஹோங்கான்ஜி மடத்தினரும் நோபுனாகாவைச் சூழ்ந்தனர். 1573-இல் ஷோகன் கியோட்டோவிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஆயினும் ஹோங்கான்ஜியின் எதிர்ப்பு 1580 வரை நீடித்தது.

எல்லைக்கு முன்பே நிற்க வேண்டும்

பிளவு வருவதைத் தடுக்க இயலாது. எப்போது வர வேண்டும் என்பதை மட்டும் ஆடுபவரே தீர்மானிக்கலாம். புகழ் அளவுகோல் நிறைவதற்குச் சற்று முன்பே படையெடுப்பை நிறுத்திவிடுவது அனுபவமுள்ளோர் கையாளும் வழி. சில ஆண்டுகள் பொறுத்து, கருவூலத்தை நிரப்பி, இரண்டு மூன்று முழுப் படைகளைத் திரட்ட வேண்டும். ஒரு முழுப் படையில் 20 பிரிவுகள் இருக்கும். பிறகு ஒரே வீச்சில் பல மாகாணங்களைக் கைப்பற்றினால், எதிரிகள் திரள்வதற்குள் ஆட்டத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும். கால வரம்பு இருப்பதால் இந்தக் காத்திருப்பையும் அளவோடுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் கவனிக்கத் தவறுவது வணிக வருவாயை. வணிக ஒப்பந்தங்களிலிருந்து வரும் பணம் எளிதாகக் கிடைப்பதால், அதனை நம்பியே படையைப் பெருக்கிவிடுகின்றனர். பிளவு ஏற்பட்டதும் கூட்டாளிகள் பகைவராகி ஒப்பந்தங்கள் முறிகின்றன. அடுத்த சில சுற்றுகளிலேயே படையினருக்கு ஊதியம் தர வழியில்லாமல் போகிறது. ஆகவே, வணிக வருவாய் அறவே இல்லாவிட்டாலும் நில வரியைக் கொண்டே படையைப் பராமரிக்க முடியுமா என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம். வயல்களை மேம்படுத்துவதற்கு முன்னுரிமை தர வேண்டும். கோட்டைகளைப் பெரிதாக்கினால் உணவுத் தேவை கூடும். நெல் பற்றாக்குறை வந்தால் மக்களிடையே கொந்தளிப்பு எழும். எல்லாக் கோட்டைகளையும் உயர்த்த ஆசைப்படாமல், படை திரட்டும் ஓரிரு மாகாணங்களில் மட்டும் அதனைச் செய்தால் போதும்.

எந்தக் குலத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இதனுடன் தொடர்புடையது. கியூஷுவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஷிமாசு குலமும், ஷிகோகு தீவின் சோசோகாபே குலமும் முதுகுப்புறத்தில் கடலைக் கொண்டவை, தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. நாட்டின் நடுவே ஓவாரியில் தொடங்கும் ஓடா குலத்துக்கு எல்லாத் திசையிலும் பகை. எனினும், எளிய காலாட்படையான அஷிகாருவை அந்தக் குலம் குறைந்த செலவில் திரட்டலாம். கடல் காவல் என்று நினைத்துக் கரையோர மாகாணங்களைக் காலியாக விட்டுவிடவும் கூடாது. முன்னணியில் போர் நடக்கும்போது பின்புறத்தில் எதிரிப்படை கப்பலில் வந்து இறங்குவது இவ்விளையாட்டில் வழக்கமான காட்சி.

களத்தில் அடிப்படைக் கணக்கு எளிது: ஈட்டி குதிரைப்படையை வெல்லும், வாள் ஈட்டியை வெல்லும், குதிரை வில்லாளிகளைச் சிதைக்கும். விலை உயர்ந்த சாமுராய்களால் மட்டும் நாட்டைக் காக்க முடியாது. ‘யாரி’ எனப்படும் நீண்ட ஈட்டி ஏந்திய அஷிகாரு சிலரையும், மதில்மீது வில் ஏந்திய அஷிகாரு சிலரையும் நிறுத்தினால், தங்களைவிடப் பெரிய படையைக்கூட அவர்கள் கோட்டைக்குள் இருந்தபடி தேய்த்துவிடுவர்.

எதிரிப்படை நெருங்கும்போது நிஞ்ஜாவை அனுப்பி அதன் முகாமைச் சீர்குலைத்தால், அந்தச் சுற்றில் அப்படை நகராது. பிளவுக்குப் பிறகு இப்படிக் கிடைக்கும் ஒரு சுற்று, ஒரு கோட்டையையே காப்பாற்றக்கூடும். குளிர்காலத்தில் பகை மண்ணில் தங்கும் படை ஆள்களை இழக்கும் என்பதால், பெரும் படையெடுப்பை வசந்தத்தில் தொடங்குவது நல்லது.

கடைசித் தாக்குதலுக்கு முன் ஆட்டத்தைத் தனியாக ஒருமுறை சேமித்து வைத்துக்கொள்ளலாம். மிகக் கடினமான ‘லெஜெண்டரி’ நிலையில் ஆடுவோருக்கு மட்டும் அந்த வசதி இல்லை. அங்கு விளையாட்டு தானாகவே சேமித்துக்கொள்ளும்.